அண்ணனின் இசைத்தட்டில் அம்மாவின் அழுகை

2023 ஜூன் 10ஆம் திகதி, சனிக்கிழமை. விடியுமுன்பே மழை பிடித்துக்கொண்டதால் இறப்பர் தோட்டத்தில் அன்று பால்வெட்டு இல்லை. எல்லா லயத்து வரிசை வீடுகளிலும் ஆட்கள் உள்ளேயே இருந்தார்கள். அம்மா ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் இடித்தார். நான் பாடசாலைக்குக் கட்டும் சேலைகளைத் தோய்த்து உள்கொடியில் காயப்போட்டேன். பகல் பஸ்ஸில் தெரணியகலையில் இறங்கி, முச்சக்கரவண்டி பிடித்து அண்ணன் வந்து சேர்ந்தார். ஒரு கையில் தட்டு சுழலும் பெட்டி. மறு கையில், பொலித்தீன் சுற்றிய அவருடைய முதல் இசைத்தட்டு.

அறுபத்தொரு வயதில் முதல் தட்டு. அண்ணன் இதே லயத்தில், பால் வெட்டிய எங்கள் அப்பாவின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போய்ப் பகலில் வானொலி திருத்தினார். இரவில் ஹோட்டல்களில் கித்தார் வாசித்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கித்தாரை விட்டுவிட்டு உயிரோடு மட்டும் வீடு வந்தார். சில மாதங்களில் மறுபடியும் போனார். என்னை ஆசிரியர் கலாசாலைவரை படிக்கவைத்தது அவருடைய வாசிப்புத்தான்.

அவர் வாசித்தது புளூஸ் ரொக். மூன்றே சுரக்கட்டுகள் திரும்பத் திரும்பச் சுற்றிவரும். ஒரு வரியை இருமுறை பாடிவிட்டு, மூன்றாவது வரியில் பதில் சொல்வார். குரல் நிற்கும் இடத்தில் கித்தார் பேசும். தந்தியை விரலால் மேலே தள்ளி, சுரத்தைக் கேவவைப்பார். ஒலிபெருக்கி கரகரக்கும் அளவுக்குச் சத்தம் வைப்பார். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பாடியவர், தமிழில் பாடியதில்லை.

தட்டின் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு கித்தாரில் தொடங்கவில்லை, தப்பு மேளத்தில் தொடங்கியது. திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தெரியும். இது சாவு அடி. பெட்டியின் சத்தம் முழு லயத்துக்கும் கேட்டது. மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஆட்கள் எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்கு ஓடி வந்தார்கள். குழி வெட்டும் முனியாண்டி மாமா மண்வெட்டியோடே வந்துவிட்டார்.

"யாருங்க பெரியம்மா?"

"நான் இல்ல. பாத்துட்டல்ல, மம்பட்டிய கீழ வையி," என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகம் சிரித்தார். அப்போது பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது.

"நீ வெட்டுன மரமெல்லாம் பால் வடியுதே, நீ மட்டும் ஏன் எந்திரிக்கல..."

அப்பாவின் உடலருகே அம்மா அழுத அழுகை அது. ஒவ்வொரு வரிக்கும் அண்ணனின் கித்தார் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றது.

"எப்படா புடிச்ச?"

"அப்பாவ தூக்குன அன்னிக்கும்மா. பலா மரத்துக்கிட்ட நின்னு போனுல புடிச்சேன்."

அன்று அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் நெஞ்சோடு வைத்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நீங்க அழுறீங்கன்னு நெனச்சு, யாரும் கிட்ட போகாதீங்கன்னு நான்தானேண்ணே எல்லாருக்கும் சொன்னேன்?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "அம்மா மாதிரி பாட ஒருத்தராலயும் ஏலாது தங்கச்சி."

"நான் பாட்டாடா பாடுனேன்? புருசன் செத்து அழுதேன். நம்ம பிள்ளையும் ஒரு பக்கம் நின்னு அழுவுறான்னு நெனச்சுதான் அன்னிக்கி தாங்குனேன்."

அண்ணன் பெட்டியை நிறுத்தினார். முனியாண்டி மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பிறகு தட்டின் அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். டிரம்ஸ் வாசித்தவருக்குப் பெயர் இருந்தது. அம்மாவுக்கு, 'தோட்டத்துப் பெண் குரல்'.

அடுத்த ஆண்டு அண்ணன் நுரையீரல் நோயோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் இறக்கும்வரை அம்மாதான் கஞ்சி காய்ச்சி ஊட்டினார். தட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணனின் ஓராண்டு நினைவு நாளில் அந்தப் பாட்டை ஒலிக்கச் செய்யலாமே என்று சிலர் அன்போடு கேட்டார்கள். அம்மா வேண்டாம் என்றார், எனக்கும் விருப்பமில்லை. இவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பின்னரே இந்த நினைவுக் குறிப்பில் எழுதுகிறேன்.

வைத்தியசாலையில் கவனித்த தாதியருக்கும், வண்டிக்கூலி வாங்காமல் ஏற்றியிறக்கிய தம்பிமாருக்கும், மழையில் குழி வெட்டிய முனியாண்டி மாமாவுக்கும், அடக்கத்தன்று எதையும் பதிவு செய்யவேண்டாம் என்று அம்மா கேட்டதை மதித்த அண்ணனின் இசை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இனி, அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை, தேத்தண்ணீர்கூட வைக்காமல், அம்மா முதலில் அண்ணனை எழுப்பினார். இறப்பர் மரங்களுக்கிடையே அப்பாவைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன். அங்கே அம்மா கையை நீட்டி அண்ணனின் போனை வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இப்ப நில்லு," என்றார்.

பிறகு உட்கார்ந்து அழத் தொடங்கினார். அண்ணன் வெறுங்கையோடு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.