வீரபாண்டி நீட்டிய பை

துபாயில் சஃபாரி என்றால் வாந்தி. இதைச் சொன்னது நானல்ல, வீரபாண்டி. பன்னிரண்டு வருடம் டெசர்ட் சஃபாரி வண்டி ஓட்டியவர், அவருக்குச் சொல்ல உரிமை உண்டு. மத்தியானம் ஹோட்டல் ஹோட்டலாகப் போய் ஆறு பேரை ஏற்ற வேண்டும். மணல்மேடு தொடங்கும் இடத்தில் டயரில் பாதிக் காற்றை இறக்க வேண்டும். உச்சிக்கு ஏறிச் சரியும்போது, வண்டி கவிழ்ந்தது என்று எல்லோரும் அலற, கவிழாமல் நிமிர்த்த வேண்டும். சம்பளம் அதற்குத்தான். பிறகு அவர்கள் கூடாரத்தில் கபாபும் கூத்துமாக இருக்கையில், இவர் வெளியே கதவுகளைத் திறந்து வைத்துச் சீட்டைக் கழுவ வேண்டும். அதற்குச் சம்பளம் கிடையாது.

முதுகுளத்தூர் பக்கத்துக்காரர். வளைகுடாவுக்கு வந்த புதிதில் ராஸ் அல் கைமாவில் கல்குவாரி லாரி ஓட்டினார். தூசி நெஞ்சை அடைக்கவே துபாய்க்கு வந்து, அல் குசைஸில் ஏழு பேர் இருக்கும் ரூமில் ஒரு கட்டில் பிடித்தார். நான் இருக்கும் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. தஞ்சாவூரிலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், வந்தவர்களுக்கெல்லாம் மணலைக் காட்டியாக வேண்டும். பதினொரு முறை நான் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

காரணம், நான் பார்த்தவரை அவர் வண்டியில் யாரும் சீட்டில் வாந்தி எடுத்ததில்லை. தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு திரும்பாமலே, இடது கையால் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டுவார். வாங்கியவர் "எனக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பார். அடுத்த மேட்டில் அந்தப் பைக்குள் முகத்தை விடுவார்.

"எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மொத வருசம் தெனம் கழுவுனேன் சார். ரெண்டாவது வருசம் கண்ணாடியப் பாக்கக் கத்துக்கிட்டேன். வாந்தி வாரதுக்கு முன்னாடி மனுசன் பேச்ச நிறுத்திருவான். எச்சிய முழுங்குவான். கண்ணு வெளிய போகாது, மடியவே பாக்கும். அம்புட்டுத்தேன்."

போன வருடம் ஈத் லீவுக்கு அவருடைய கம்பெனி கென்யா சஃபாரி என்று ஒரு புதுச் சரக்கை இறக்கியது. துபாய்த் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும், ஐந்து நாள். குடும்பங்களுக்குப் பழகிய முகம் வேண்டும் என்று வீரபாண்டியையும் துணையாளாக அனுப்பினார்கள். மணலில் உருட்டியவனுக்குக் காடு தெரியும் என்று ஆபீஸில் எந்த மேதாவி முடிவு செய்தானோ.

எங்கள் வண்டியில் ஏழு பேர். நான், மனைவி அகிலா, பதினான்கு வயது மகள் மஹதி. கௌரிசங்கர், அவர் மனைவி வசந்தகுமாரி. முன் சீட்டில் வீரபாண்டி. ஸ்டியரிங்கில் ஒச்சியெங் என்ற கென்யாக்காரர், அவர்தான் கைடு. கௌரிசங்கர் என் ஆபீஸில் எனக்கு மேலதிகாரி. என் விசா புதுப்பிக்கும் காகிதத்தில் அவர் கையெழுத்து வேண்டும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்குதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

முதல்நாள் காலையில் ஒச்சியெங் வண்டியை நிறுத்தி எங்களைப் பார்த்துத் திரும்பினார். சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைத் தொட்டுக் காட்டி, மெதுவான ஆங்கிலத்தில் பேசினார். இந்தக் காட்டில் தடத்தை விட்டு வண்டி இறங்கக் கூடாது. போன வருடம் ஒரு குழு வற்புறுத்தியதால் இறங்கினேன், என் பெயரில் ஒரு குறி விழுந்திருக்கிறது. இரண்டாவது குறி விழுந்தால் பேட்ஜ் போய்விடும். பேட்ஜ் இல்லாவிட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. "தயவுசெய்து அதை மட்டும் கேட்காதீர்கள்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்த முதல்நாளைப் பற்றி நல்லபடியாகச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். பனி விலகும்போது நாற்பது யானைகள் சத்தமே இல்லாமல் எங்கள் முன்னால் தடத்தைக் கடந்தன. கடைசியில் வந்த குட்டி, எங்களைப் பார்த்துக் காதை விரித்து மிரட்டிவிட்டு அம்மாவிடம் ஓடியது. ஒச்சியெங் ஒரு சாண வண்டைக் காட்டிக் கால்மணி நேரம் பேசினார். மஹதி கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டாள். என் மகள் ஒரு பெரியவரிடம் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன்.

கௌரிசங்கர் கொட்டாவி விட்டார். "இதுக்கா அஞ்சு மணி நேரம் பறந்து வந்தோம்? சாணியையும் பூச்சியையும் பார்க்கவா? லயன் எங்கப்பா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் எல்லோருக்கும் அந்த வியாதி உண்டு. சஃபாரி என்றால் டிரைவர் நமக்கு வித்தை காட்ட வேண்டும் என்று துபாயில் பழகிவிட்டோம். மணலில் சறுக்கு, கூடாரத்தில் ஆட்டம், பஃபேயில் பிரியாணி. எல்லாம் மணி அடித்தாற்போல் நடக்கும். சிங்கமும் அப்படி ஆறு மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம். இரண்டாம் நாள் சிங்கம் தூங்கியது. கௌரிசங்கர் கைதட்டி எழுப்பப் பார்த்தார். வசந்தகுமாரி எலுமிச்சம்பழச் சாதம் கட்டி வந்த அலுமினியத் தாளை ஜன்னல் வழியே விட்டெறிந்தார். ஒச்சியெங் ஒரு வார்த்தை பேசாமல், ஆபத்தில்லாத இடம்தானா என்று பார்த்து இறங்கி, அதைப் பொறுக்கி வந்து தன் காலடியில் வைத்துக்கொண்டார்.  அந்தச் சாதத்தை நானும்தான் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு சிவிங்கிப்புலி. புல்லுக்குள் படுத்திருந்தது, மூன்று குட்டிகள். யாரோ வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் போவதற்குள் முப்பது வண்டிகள், கும்பலோடு கோவிந்தா. கூரையைத் திறந்துகொண்டு ஆளாளுக்குக் குரங்கு மாதிரித் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். டீசல் புகை. எவனோ பாட்டு வேறு போட்டிருந்தான். அந்தத் தாய் பசியோடு ஒரு மானைக் குறிவைத்திருந்தது. மான் எப்போதோ ஓடிவிட்டது. ஆப்பிரிக்காவைப் பார்க்கிறேன் என்று போய், கடைசியில் நான் பார்த்தது ஒரு கார் பார்க்கிங்கை.

எங்கள் வண்டி கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டது. கௌரிசங்கர் எழுந்து நின்றார்.

"எதுவுமே தெரியல. யல்லா, சீக்கிரம் புல்லுக்குள்ள விடச் சொல்லு. ஏம்ப்பா வீரபாண்டி, லஹ்பாப் மணல்ல நீ ஓட்டுற ஓட்டென்ன, இவன் என்ன மாட்டுவண்டி ஓட்டுறான்?"

"அது கூடாதுன்னு மொத நாளே சொன்னாருல்ல சார்."

"நான் கஸ்டமர். நீ யாரு எனக்குச் சொல்ல?"

ஒச்சியெங் முடியாது என்றார். இரண்டாம் முறையும் முடியாது என்றார். கௌரிசங்கர் சஃபாரி கம்பெனியின் துபாய் ஆபீஸுக்கே போன் போட்டுவிட்டார். இது எங்கள் ஊர்ப் பழக்கம். ஏசி ஓடாவிட்டாலும், டீயில் சர்க்கரை குறைந்தாலும் மேலே போன் போட்டுவிடுவோம். ஐந்து நிமிடத்தில் வீரபாண்டியின் போன் அடித்தது. கஸ்டமர் கேட்டதைச் செய்யச் சொல், இல்லாவிட்டால் நாளையிலிருந்து அவனுக்கு நம் குழு கிடையாது என்று சொல், என்றது ஆபீஸ். வீரபாண்டி போனை மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு ஆபீஸ் சொன்னதை அப்படியே ஒச்சியெங்கிடம் சொன்னார்.

ஒச்சியெங் எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா என்று பார்த்திருப்பார். நான் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தேன். அவர் தடத்தை விட்டு இறக்கினார்.

தாய்க்கும் குட்டிகளுக்கும் நடுவில் போய் நின்றது எங்கள் வண்டி. தாய் தன் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும் என்று கௌரிசங்கர் விசிலடித்தார். அது எழுந்து ஓடிவிட்டது. குட்டிகள் புல்லுக்குள் குருவி மாதிரிக் கீச்சிட்டன. மஹதி காதைப் பொத்திக்கொண்டாள். "ஸ்டாப் இட் அங்கிள், ப்ளீஸ்" என்று அழுதாள். வசந்தகுமாரி அதையும் வீடியோ எடுத்தார்.

ரேஞ்சர் வண்டி வந்தது. ஒல்லியான, கண்டிப்பான மனிதர். ஜன்னலருகே நின்று எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவராக இறங்கினாரா, நீங்கள் இறங்கச் சொன்னீர்களா?" பயணிகள் சொன்னதாக ஒப்புக்கொண்டால் பயணிகளை வெளியேற்றுவார்கள், மிச்சம் இருந்த இரண்டு நாள் போகும். அவராக இறங்கினார் என்றால் பேட்ஜ் போகும்.

"நாங்க ஒண்ணும் சொல்லல. டிப்ஸுக்கு ஆசைப்பட்டு அவனாவே போனான்" என்றார் கௌரிசங்கர், நல்ல சுத்தமான ஆங்கிலத்தில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"நான் சொல்லித்தேன் அவரு எறங்குனாரு" என்று வீரபாண்டி தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு முறை சொன்னார். ரேஞ்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். நீ கம்பெனி ஆள், நீ உன் ஆளைக் காப்பாற்றத்தான் பேசுவாய். பயணிகளில் ஒருவர் சொல்லட்டும்.

ரேஞ்சரின் கண் என்மேல் வந்து நின்றது. என் பக்கத்தில் மஹதி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். வலிக்கிற மாதிரி அழுத்தினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

அப்போது முன் சீட்டிலிருந்து, திரும்பாமலே, ஓர் இடது கை பின்பக்கம் நீண்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. எனக்குத்தான். இந்த நேரத்தில் என்ன கிண்டல் என்று எனக்குக் கோபம் வந்தது. பையை வாங்கிக் காலடியில் போட்டேன். ரேஞ்சர் இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, ஒச்சியெங் சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றிக்கொண்டார். ஊசி குத்திய இரண்டு ஓட்டைகள் மட்டும் துணியில் தெரிந்தன. அப்படியும் ஒச்சியெங் எங்களைப் பத்திரமாக லாட்ஜில் கொண்டுவந்து இறக்கினார். அகிலாவின் முழங்கால் வலிக்காக எப்போதும் போல் படியும் எடுத்துப் போட்டார்.

மிச்ச இரண்டு நாளும் வேறொரு கைடு வந்தார். கௌரிசங்கர் கேட்ட இடத்துக்கெல்லாம் போனார். பயணம் முடிந்ததும் கம்பெனிக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, "மறக்க முடியாத அனுபவம்" என்று எழுதினார் கௌரிசங்கர். அதற்குக் கட்டைவிரல் உயர்த்திய எட்டுப் பேரில் நானும் ஒருவன். இதை எழுதும்போதே என் விரலைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கம்பெனிக்கு எதிராகப் பேசினார் என்று வீரபாண்டியை அந்த வாரமே வேலையிலிருந்து கலாஸ் பண்ணிவிட்டார்கள். அவர் ராஸ் அல் கைமாவுக்கே திரும்பிப்போய் மறுபடியும் குவாரி லாரியில் ஏறினார். இதுவும் வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போன் செய்யவில்லை. வீட்டில் மஹதி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். எஸ். நோ. ஓகே.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டியே கூப்பிட்டார். கீழே கஃப்டேரியாவில் இருக்கிறேன், கொஞ்சம் வர முடியுமா சார் என்றார். போனேன். ஆள் இளைத்திருந்தார். இருமினார். எனக்கும் சேர்த்து கரக் டீ சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"ஒச்சியெங் பேட்ஜத் திருப்பிக் கேட்டு மனு போட்ருக்காரு சார். பயணிங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தா மறுபடி விசாரிப்பாங்களாம். டூர் வாட்ஸப் குரூப்ல நம்பர் எடுத்து பாப்பா எனக்கு மெசேஜ் போட்டுச்சு. அதுவே எழுதியும் அனுப்பிருச்சு. ஆனா பதினெட்டு வயசு ஆகலையாம். அப்பா கையெழுத்து வேணும்னு சொல்லிட்டாக."

மஹதியின் கடிதம். ஆங்கிலத்தில், நேர்த்தியாக, போன் வந்ததையும் விசிலையும் ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். கௌரிசங்கர் பெயர் முழுதாக இருந்தது. கையெழுத்துப் போட்டால் என் விசாக் காகிதம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டபடியே படித்தேன். கடைசியில் இப்படி இருந்தது: 'வண்டியில் இருந்த எல்லோருக்கும் உண்மை தெரியும். நான் சொல்ல வாய் திறந்தேன். என் அப்பா என் கையை அழுத்தித் தடுத்துவிட்டார்.'

"இந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடலாமா வீரபாண்டி?"

"எடுத்தா, பெரியவுக யாரும் ஏன் சொல்லலன்னு கேப்பாக சார். அதுக்கு இந்த வரிதேன் பதிலு."

"அன்னிக்கு நீங்க பாத்தீங்களா?"

"என் சீட்டுக்கு மேலயும் கண்ணாடி இருந்துச்சே சார். நீங்க பேச்ச நிறுத்துனீங்க. எச்சிய முழுங்குனீங்க. மடியவே பாத்தீங்க. வாந்திதேன் வருதுன்னு நெனச்சுப் பைய நீட்டுனேன். பெறகுதேன் பாப்பா கையப் பாத்தேன்."

நான் பேசவில்லை. எச்சிலை முழுங்கினேன். மடியில் இருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே வீரபாண்டி என் முகத்தைக் கவனிப்பது தெரிந்தது. அவர் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டு எதையோ எடுத்து என் பக்கம் நீட்டினார்.

பேனா.

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். மஹதியின் கையை அழுத்திய அதே கைதான்.