கிணற்றடி மிசினுக்கு ஒரு கிக்கர்

என் கணவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்ட பிறகு கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற மிசினின் ஸ்டார்ட் கயிற்றை இழுக்க ஏலாமல் போனது. மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார், நாலாவது தரம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். நான் வேலிக்கு மேலால் எட்டிப் பக்கத்து வளவுக்காரரைக் கூப்பிடுவேன். அவர் ஒரே இழுவையில் ஸ்டார்ட் செய்துவிட்டு, "இதென்ன பெரிய வேலையே?" என்று சிரித்துக்கொண்டு போவார். பகிடிதான். ஆனால் அந்தப் பகிடிக்குப் பயந்தே இவர் இறைப்பை நாள் தள்ளத் தொடங்கினார். மிளகாய்க் கன்றுகள் வாடின. மனுசன் தோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார்.

கனடாவில் இருக்கிற மகன், "தோட்டத்தை விடுங்கோ அம்மா, நான் அனுப்புறன்தானே" என்றான். விசர்க் கதை. தோட்டத்தை விட்டால் இந்த மனுசன் என்னத்துக்கு விடிய எழும்புவார்?

வேலணையில் இரும்பு ஒட்டுகிற ஒருவர், இப்படியான மிசினுக்கு மோட்டார் சைக்கிள் கிக்கர் பூட்டித் தருவார் என்று கேள்விப்பட்டேன். மிசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் கழற்றிய கிக்கரை அவர் பூட்டித் தந்தார். "மிதிக்கிற விசைக்கு மிசின் பிரண்டுபோம், கிணத்தடியில சீமெந்து போட்டு இறுக்குங்கோ அக்கா" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "சில நேரம் கிக்கர் திருப்பி அடிக்கும். அண்ணையை வெறுங்காலோட மிதிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

சீமெந்து விஷயத்தைச் சொன்னேன். செருப்பு விஷயத்தைச் சொல்லவில்லை.

என் கணவர் தோட்டத்துக்குள் செருப்போடு இறங்கமாட்டார். வேலியடியில் கழற்றி வைத்து, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் உள்ளே போவார். செருப்புப் போடவேண்டும் என்றால், "அப்ப உந்தச் சாமான் எனக்கு வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார் என்று பயந்தேன். பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் இரண்டாம் மிதிக்கே மிசின் பிடித்தது. இவர் பக்கத்து வளவைப் பார்த்து வேண்டுமென்றே சத்தமாகச் செருமினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சந்தோசத்தைக் கெடுப்பானேன் என்று அன்றும் சொல்லவில்லை. மிளகாய் காய்த்தது, பழுத்தது, நான் சொல்லவே இல்லை.

ஒருநாள் காலில் இரத்தத்தோடு வந்தார். "என்னப்பா?" என்று ஓடினேன்.

"ஒண்டுமில்லை. மிசின் செல்லமாத் தட்டினது."

இவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம், சர்க்கரை வியாதி. அந்த வருத்தக்காரருக்குக் காலில் நோ தெரியாது. நோகவில்லை என்றபடியால் மஞ்சளைப் பூசிக்கொண்டு மறுநாளும் ஈரமண்ணுக்குள் நின்றார். புண்ணில் அழுகல் மணம் வரத் தொடங்கிய பிறகுதான் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஐயோ, ஒரே ஒரு சொல். வாயைத் திறந்து சொல்லியிருக்கக்கூடாதா நான்?

இப்போது இறைப்பு என் வேலை. முதல் நாள் அவர் ஊன்றுகோலோடு வந்து கிணற்றடிக் கதிரையில் இருந்தார். மிஞ்சின காலைக் கவனமாகப் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொன்னபடியால், தோட்டத்துக்குள்ளும் இடது காலில் செருப்பு. நான் அவர் முந்திச் செய்ததுபோலவே என் செருப்பை வேலியடியில் கழற்றிவிட்டு வந்து கிக்கரில் காலை வைத்தேன்.

"இஞ்சாரும், வெறுங்காலோட மிதியாதையும்" என்றார். "என்ர வலது செருப்பு வேலியடியில சும்மாதானே கிடக்கு. அதைப் போட்டுக்கொண்டு மிதியும்."

"தோட்டத்துக்குள்ளயோ?"

"ஓம். திருப்பி அடிக்குமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நானும் போட்டிருப்பன்தானே."

நான் போய் அந்தச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். எனக்கு அது பெரிது. மிசின் பிடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அழுதேன், அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்று.