எஸ்.எஸ்.டி.க்குள் தட்டிய சத்தம்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவன் நான். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எது கெட்டாலும் திறந்து பார்த்தால் காரணம் கிடைக்கும் என்று நம்பியே தலை நரைத்துவிட்டது. இதையும் திறந்து பார்த்தேன். நீங்கள் நம்பினாலும் சரி, எழுந்து போனாலும் சரி.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம், கல்வராயன் மலையை மழை மறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து லூர்தம்மா தன் மகன் சவரியோடு வந்தார். மகள் அமலா போன வருஷம் கரும்புக் கொல்லையில் மோட்டார் போடப் போய், தகரக் கதவு போட்ட மோட்டார் கொட்டகைக்குள் பாம்பு கடித்து இறந்தவள். கோயிலில் பாடுகிறவள், பாடினதெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்திருந்தது. அவள் குரலை அவள் கல்லறையில் ஒரு தடவை போட்டுக் கேட்க வேண்டும், அந்தத் தாய்க்கு அவ்வளவுதான் ஆசை.

"பழைய ஹார்ட் டிஸ்க் எங்கப்பா?" என்றேன்.

"காயலான் கடைல போட்டாச்சு சார். எஸ்.எஸ்.டி. மாத்தினேன், எடம் பத்தல, அவ பாட்ட அழிச்சிட்டேன். செத்தவ பாட்டு இன்னாத்துக்கு?"

"ஒன் சினிமாவுக்கு மட்டும் எடம் இருந்துச்சாடா?" என்றார் லூர்தம்மா.

ஹார்ட் டிஸ்க்கில் அழித்தாலும் தடம் கிடக்கும், தோண்டி எடுக்கலாம். சாகும்முன் டிக் டிக்கென்று சொல்லிவிட்டுத்தான் சாகும். எஸ்.எஸ்.டி. வெறும் சில்லு, ஊமை. அழித்ததைத் தானே கழுவித் துடைத்துவிடும். சவரி கொண்டுவந்திருந்ததை என் மெஷினில் மாட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை, கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டார்.

"உள்ள தட்டுதுங்க தம்பி."

"இதுல சுத்துற சாமானே கெடையாதும்மா," என்று சிரித்தபடி வாங்கினேன். கையில் அதிர்ந்தது. கம்பி கிடையாது, கரண்டு கிடையாது. டொக் டொக் டொக். டிஸ்க்கின் சத்தமில்லை அது, தகரக் கதவில் விரல் முட்டி இடிக்கிற சத்தம், பிறகு உள்ளங்கையால் அறைகிற சத்தம், மழையை மீறிக் கடை முழுக்க.

சவரி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி வாய் திறந்தது.

"தட்டாத அமலா. அவன மறக்கறேன்னு சொல்ற வரைக்கும் தொறக்கமாட்டேன்."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான். தட்டல் தளர்ந்து, தளர்ந்து, சுரண்டலாகி, நின்றது.

லூர்தம்மா அழவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "பாம்பு கீதுன்னு கத்திக்கினு இருந்தாளாடா?"

"பொய் சொல்றாளுன்னு நெனச்சேம்மா."

அந்தத் தாய் மழையில் இறங்கி நடந்தார். எஸ்.எஸ்.டி.யை எடுத்துக்கொள்ளவில்லை. மகன் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே ஓடினான், அவர் திரும்பவில்லை.

சாயங்காலமே அதைப் பிரித்தேன். ஒரு பச்சை அட்டை, கறுப்புச் சில்லுகள், அசைய ஒரு தூசிகூட இல்லை. திரும்ப மூடி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நீங்கள் வரும்போதே கேட்டீர்களே, அந்த இழுப்பறை ஏன் திறந்தே கிடக்கிறது என்று. மூடினால் தட்டுகிறாள்.