உள்ளே விட்ட துணி

பாவாடை நாடாவில்தான் எனக்கு முதலில் தெரிந்தது. வழக்கமாக முடிச்சு விழும் இடத்தில் நாடா நைந்து கறுத்திருக்கும். ஒரு காலையில் முடிச்சு அந்த இடத்துக்கு வரவில்லை. துவைத்ததில் சுருங்கிவிட்டது போல என்று வேறு நாடா கோத்தேன். சில வாரங்களில் அதுவும் போதவில்லை.

நான் இலுப்பூரில் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பவள். பெயர் ஜெயராணி. வீட்டின் முன் அறைதான் கடை. யாருக்குச் சதை போட்டிருக்கிறது, யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவரவர் மாமியாருக்குத் தெரியும் முன்னே என் டேப்புக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட எனக்கு என் வயிறு மட்டும் வாயுவாகத் தெரிந்தது. ஓமத் தண்ணீர் குடித்தேன். மோரில் பெருங்காயம் கலந்து குடித்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்தது. சோறு மிச்சம்தானே என்று கணவரிடம் சிரிக்கவும் சிரித்தேன். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது வயிறு இப்படி விடாமல் உப்பிக்கொண்டே போனால், ஓமத்தை வைத்துவிட்டு ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் உருப்படியான வாக்கியம் இது ஒன்றாகவே இருக்கலாம்.

புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்த பெண் முதலில் என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்த கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள். எழுந்து போய் இன்னொருவரைக் கூட்டிவந்தாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அங்கிருந்த பெண் மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. “சினைப்பையில கட்டிம்மா. கேன்சர். வயித்துக்குள்ள மத்த எடத்துக்கும் பரவியிருக்கு. மொதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன், திரும்பவும் கீமோ” என்றார். கீமோ (புற்று அணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பு வழியாக உடம்பில் ஏற்றுவது) என்ற சொல்லை நான் சினிமாவில் மட்டும்தான் கேட்டிருந்தேன்.

என் கணவர் அருள்தாஸ் பல வருஷம் குவைத்தில் டிரைவராக இருந்தவர். இப்போது சொந்தமாக லோடு வேன் ஓட்டுகிறார். அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே ஒரு பொருத்தனை செய்தார். “ஆண்டவரே, இவளை எழுப்பிக் குடுங்க. சபை நடுவுல நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்கிறேன்” என்றார். நேர்ந்துகொண்டது அவர். நிற்க வேண்டியது நான்.

சாட்சி என்பதை எங்கள் சபைப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் போதகர், “சாட்சி சொல்றவங்க சொல்லலாம்” என்பார். மகன் பரீட்சையில் தேறினது, விசா வந்தது, கஷ்டப்பட்ட பசு கன்று போட்டது என்று ஒவ்வொருவராக எழுந்து ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் சபை “ஆமென், அல்லேலூயா” என்று குரல் கொடுக்கும். சாட்சிக்கு எப்போதும் முடிவு நல்லதாகத்தான் இருக்கும். கெட்டதாக முடிந்தவர்கள் எழுந்திருப்பதில்லை.

கீமோவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வாய் முழுக்கப் புண். தண்ணீர்கூட இரும்பாக ருசித்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. எங்கள் கோயிலில் பெண்கள் முக்காடு போட்டுத்தான் உட்காருவோம் என்பதால் மொட்டைத் தலை யார் கண்ணிலும் படவில்லை. ஆபரேஷன் முடிந்தது. திரும்பவும் மருந்து ஏறியது. கடைசியில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தன.

“இதுக்குப் பேரு ரெமிஷன். கண்ணுக்குத் தெரியாம அடங்கியிருக்கு. தீர்ந்துபோச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். மறக்காம செக்கப்புக்கு வாங்க” என்றார் மருத்துவர். ‘அடங்கியிருக்கு’ வரைக்கும்தான் எங்கள் வீட்டுக்காரர் காதில் விழுந்தது. பஸ் விராலிமலையைத் தாண்டுவதற்குள் அவர் போதகருக்குப் போன் போட்டுவிட்டார்.

விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைக்கிற அறுப்பின் பண்டிகையில் அந்த வருஷம் நான் எழுந்து நின்றேன். வைத்தியம் பார்த்தோம், நோய் அடங்கியிருக்கிறது, திரும்பவும் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று உள்ளதைச் சொல்லி உட்கார்ந்தேன். போதகருக்கு அது போதவில்லை. மைக்கை வாங்கி, “சகோதரிக்குப் பூரண சுகம் கெடைச்சிருக்கு. நோய் இருந்த எடமே தெரியலையேன்னு டாக்டரே ஆச்சரியப்பட்டுட்டாங்க” என்றார். எங்கள் டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் கூரை அதிர அல்லேலூயா எழும்பியபோது என் கணவர் அழுதுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் எழுந்து திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அதற்கப்புறம் நான் நடமாடும் அற்புதம் ஆகிப்போனேன். பக்கத்து ஊர் ஜெபக்கூட்டங்களுக்கெல்லாம் கூப்பிட்டார்கள். பாதிக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லித் தப்பித்தேன். பூரண சுகம் பெற்றவள் உடம்பு முடியவில்லை என்று சொல்வதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

மறுபடியும் நாடாதான் சொன்னது. இந்த முறை ஓமம் குடிக்கவில்லை. நேரே திருச்சிக்குப் போனோம். அசைட்டிஸ் (வயிற்றறைக்குள் நீர் கோத்துக்கொள்வது) என்றார்கள். நோய் திரும்பியிருந்தது. வேறு மருந்து ஏற்றிப் பார்த்தார்கள், அது கேட்கவில்லை.

“சபையில இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றார் என் கணவர்.

“ஏன்?”

“சாட்சி சொன்ன வாயி. ஆண்டவர் பேருக்குல்ல கெட்ட பேரு? நமக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்லுவாங்க. இல்லாட்டி மறைச்சு வச்ச பாவம் ஏதோ இருக்குன்னு சொல்லுவாங்க.”

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆகையால் நான் என் உடம்பை மூடினேன். ஜாக்கெட் தைக்கும்போது இரண்டு பக்கமும் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்போம். பின்னால் சதை போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். என் ஜாக்கெட்டுகளில் அந்தத் துணியை எல்லாம் பிரித்துவிட்டேன். வயிறு பெருத்ததே தவிர, கை மெலிந்துகொண்டு போயிற்று. அதனால் கைப்பகுதியை மட்டும் உள்ளே பிடித்துத் தைத்தேன். தொளதொளவென்று தொங்கினால் காட்டிக்கொடுத்துவிடும். கொசுவத்தை அகலமாக வைத்துப் புடவை கட்டினேன். கோயிலில் பார்த்தவர்கள், “சதை போட்டுட்டீங்க அக்கா, ஆண்டவர் நல்லா வச்சிருக்காரு” என்றார்கள். சிரித்துவைத்தேன்.

அந்த மாதங்களில் நான் பண்ணிய ஜெபத்தை ஜெபம் என்று சொல்லக் கூடாது. சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். கொடுக்கிற மாதிரி கொடுத்து எல்லார் முன்னாலும் நிற்கவைத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஏதாவது குரல் கேட்டது, மனதில் சமாதானம் நிறைந்தது என்றெல்லாம் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு மின்விசிறிச் சத்தம் கேட்டது.

மழைக்காலம் தொடங்கும்போது மருத்துவர் மருந்தை நிறுத்திவிட்டார். இனி பாலியேட்டிவ் (நோயைத் தீர்ப்பதற்கு அல்லாமல் நோவைத் தணிப்பதற்குத் தருகிற சிகிச்சை) மட்டும்தான் என்றார். வயிற்றில் நீர் கூடும்போது ஊசி போட்டு எடுத்துவிடலாம், வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது என்றார்.

“பொங்கல் வரைக்கும் இருப்பேனா டாக்டர்?”

“உறுதியாச் சொல்ல முடியலம்மா” என்றார். எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார். அவர் எழுந்து வந்ததிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அடுத்து வந்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. பூசணி, வாழைத்தார், நிலக்கடலை மூட்டை, காலைக் கட்டிய கோழிகள் என்று பலிபீடத்துக்கு முன்னால் குவிந்துகிடந்தன. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். சாட்சி நேரத்தில் போதகர் சிரித்த முகத்தோடு, “போன வருஷம் பூரண சுகம் பெற்ற நம்ம சகோதரி ஜெயராணி ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க” என்றார். எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவர் திரும்பிப் பார்த்தார். ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு என்றது அந்தப் பார்வை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. எழுந்தேன்.

“போன வருஷம் இதே எடத்துல நின்னு சாட்சி சொன்னேன். நோய் திரும்ப வந்துருச்சு. இனிமே குடுக்க மருந்து இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. என் வயித்துல இருக்கறது சதை இல்ல, தண்ணி. ஒங்ககிட்ட மறைச்சு மறைச்சு எனக்கு அலுத்துப்போச்சு. இதுவும் என் சாட்சிதான்.”

பின் வரிசையிலிருந்து பழக்கதோஷத்தில் ஒருவர் “ஆமென்” என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் “அல்லேலூயா” என்றார்கள். சொன்ன பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. காலைக் கட்டிய ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்தது. போதகர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். எந்தப் பாட்டைச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஏலம் நடந்துகொண்டிருந்தபோது மேரிபுஷ்பம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவளுடைய ஜாக்கெட்டை இறுக்கமாகத் தைத்துவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி, அதன்பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டவள்.

“நானும் பாத்துக்கிட்டே வாரேன். கைத்துணிய உள்ள புடிச்சு, வயித்துத்துணியப் பிரிச்சு விட்டுக்கிட்டே இருக்கே. எங்கிட்டு போயி முடியுமோன்னு எனக்குப் பதறிக்கிட்டே இருந்துச்சு” என்றாள். என் பக்கம் குனிந்து, “வலிக்குதாடி?” என்று கேட்டாள்.

அந்த வருஷம் முழுக்கச் சபையில் எல்லாரும் “சுகமா இருக்கீங்களா?” என்றுதான் கேட்டார்கள். வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நாங்கள் இடம் கொடுக்கவில்லை. “வலிக்குது” என்றேன். அதைச் சொன்னதும் அழுகை வந்தது. நீர் எடுக்கப் போகும் நாட்களில் இப்போது அவள்தான் என்னோடு திருச்சிக்கு வருகிறாள்.

வீட்டில் என் கணவர் சாயங்காலம் வரைக்கும் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “கேட்டேன். குடுத்தாரு. குடுத்ததைத் திரும்பப் புடுங்கிக்கிட்டாரு. மனுசன் செஞ்சா இதுக்குப் பேரே வேற” என்றார். நான் கேட்டுச் சண்டை போட்ட அதே கேள்வி. எனக்கு வராத பதிலை அவருக்கு நான் எங்கிருந்து கொடுப்பேன்? அன்றிலிருந்து அவர் கோயிலுக்குள் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை லோடு வேனில் என்னைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுகிறார். ஆராதனை முடியும் வரைக்கும் வேனிலேயே உட்கார்ந்திருக்கிறார். வரச்சொல்லி நான் கூப்பிடுவதில்லை.

போதகர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷன். வழக்கமாக வாசலிலேயே ஜெபத்தை ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னன்னு ஜெபிக்கட்டும்மா?” என்று கேட்டார்.

“சுகத்தைக் கேக்காதீங்க ஐயா. ராத்திரி வலி தாங்கணும். இவருக்கு மனசு ஆறணும். எனக்குப் பயம் போகணும்.”

திக்கித் திக்கி ஜெபித்தார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட நல்ல ஜெபம் அதுதான். வலி மார்ஃபினுக்குக் கட்டுப்படுகிறது. அதைச் சாப்பிட்டால் பழக்கமாகிவிடும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் கேட்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். என் கணவருக்கு மனசு ஆறவில்லை. பயமும் போகவில்லை. மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் வந்து கட்டில் ஓரமாக உட்காருகிறது.

எனக்குத் தெளிவு என்று ஒன்று கிடைத்திருந்தால் அது ரொம்பச் சின்னது. கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லும்போது, அன்றன்றைய அப்பத்தைக் கேட்கிற வரி வரைக்கும்தான் இப்போதெல்லாம் எனக்கு மூச்சு வருகிறது. சின்ன வயசிலிருந்து சொல்கிறேன், அது அந்த ஒரு நாளுக்கு மட்டும் கேட்கிறது என்பது உறைக்கவே இல்லை. நாளைக்கு என்று அதில் ஒன்றும் இல்லை. அந்த வரியில் நின்றுகொள்கிறேன். கேட்கிறவர் இருக்கிறார் என்று நம்பித்தான் சொல்கிறேன். சில நாட்களில் அந்த நம்பிக்கையும் மெலிந்துபோகிறது. அப்போதும் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் துணிகள் வர ஆரம்பித்துவிட்டன. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதில்லை. இன்றைக்கு வெட்டி இன்றைக்கே முடிக்க முடிந்ததை மட்டும் வாங்குகிறேன். என் உடம்புக்கு அளவு என்று ஒன்று நிலையாக இல்லை. நீர் எடுத்த அன்றைக்கு ஓர் அளவு, நாலு நாள் கழித்து வேறு அளவு.

எங்களில் பெண்களைக் கல்யாணப் புடவையிலேயே அடக்கம் செய்வதுண்டு. என்னுடையது சந்தன நிறப் பட்டு, இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கால ஜாக்கெட் சேராது. போன வாரம் அதற்குப் பொருத்தமான துணி வாங்கிவரச் சொன்னேன். மேரிபுஷ்பம் டேப்பைப் பிடித்து என்னை அளந்தாள். “இறுக்கமாத் தச்சுராதடி, எனக்குத் தச்ச மாதிரி” என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு அவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நானே வெட்டி, நானே மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். முடித்துத் திருப்பிப் பார்த்தால், கை பாட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டிருக்கிறது. பின்னால் தேவைப்பட்டால் பிரித்துவிட்டுக்கொள்ள. குழிக்குப் போகிற ஜாக்கெட்டுக்கு அது எதற்கு என்று கத்தரியை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும்.