சமாதான் என்று எழுதியிருந்தது

இந்தத் தீவுக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியும், கடைக்காரர் 'சாவல்' என்றால் எனக்குள் ஒரு சேவல் தலைதூக்குகிறது. அவர் சொல்வது அரிசியை. இந்தி இப்படித் தமிழ் முகம் காட்டி ஏமாற்றுவதை ஊருக்கு வேடிக்கையாக எழுதியிருக்கிறேன். இனி எழுத மாட்டேன்.

பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். நகரத்தை ஒட்டிய கராச்சர்மாவில் என் பக்கத்து வீட்டுக்காரி புஷ்பம். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்தவர்களின் மகள், கணவனை இழந்தவள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லப் புதுக் கார் வாங்கி, தானே ஓட்டினாள். முதல் வாரத்திலேயே மேட்டில் ஏறும்போது இன்ஜின் அணைந்தது. ஐந்து முறை சர்வீஸுக்கு விட்டும் தீரவில்லை. ஒவ்வொரு முறையும், பாகம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்றார்கள்.

ஆறாவது முறை என்னையும் அழைத்துப்போனாள். சர்வீஸ்காரர் சிரித்தார். "நயீ காடி ஹை அங்கிள், தோடா ஷர்மாதீ ஹை." புது வண்டி, கொஞ்சம் வெட்கப்படுகிறதாம்.

"நடு மேட்டுல நின்னு வெக்கப்பட்டா, பின்னால வர்ற லாரியும் வெக்கப்பட்டு நிக்குமா?" என்றாள் புஷ்பம்.

அவர் ஒரு தாளை நீட்டினார். முழுவதும் இந்தி.

"என்னா எழுதியிருக்கு மாஸ்டர்?"

ஊரில் மனு எழுதித் தரும்போது ஒரு சொல் தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டுவேன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. இங்கே என் இந்தி வாயால் கற்றது. எழுத்துக்கூட்டிப் படிப்பேனே தவிர, அலுவலக இந்தி புரியாது. அதை யாரிடமும் சொன்னதில்லை. தாளில் 'சமாதான்' என்ற சொல் மட்டும் தெரிந்த முகமாக இருந்தது.

"சண்டை வேண்டாம், சமாதானமாப் போவோம்னு எழுதியிருக்கு. வண்டியைப் பார்த்துக் கொடுப்பாங்க, கையெழுத்துப் போட்டுடும்மா."

போட்டாள். மறுநாள் காலை அதே மேட்டில், பிள்ளைகளோடு வண்டி நின்றது.

வேறு வண்டி கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தது: தீர்வு. புகார் முழுமையாகத் தீர்ந்தது என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கையெழுத்துக்கு மேலே 'குறை தீரவில்லை' என்று ஒரு வரி எழுத அவளுக்கு உரிமை இருந்தது. எழுதச் சொல்ல எனக்கு வாய் இருந்தது.

"படித்த ஆசிரியர் ஒருவர் வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்திட்டார்" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். புஷ்பம் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த இந்தி தெரியாது என்று எழுந்து சொல்லியிருந்தால் போதும். பின்வரிசையில் என் பழைய மாணவர்கள் இருவர் இருந்தார்கள். நான் எழவில்லை.

வேறு வண்டி கிடையாது, இலவசமாகப் பழுதுபார்த்துக் கொடுத்தால் போதும் என்று தீர்ப்பானது. அந்த வண்டியில் பிள்ளைகளை அனுப்ப எந்தப் பெற்றோரும் இப்போது தயாராக இல்லை. அது தார்ப்பாய்க்குள் நிற்கிறது. புஷ்பம் நகரத்துக் கடையொன்றில் வேலைக்குப் போகிறாள்.

போன வாரம் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலோரம் இருந்த புஷ்பம் நகர்ந்து இடம் விட்டாள்.

"பைட்டியே, அங்கிள்."

உட்காருங்கள் என்றாள். தமிழில் அல்ல, 'மாஸ்டர்' என்றும் இல்லை. வழியில் பார்க்கும் எந்த முதியவரிடமும் இங்கே எல்லோரும் சொல்வது அது. உட்கார்ந்தேன். நகரம் வரும்வரை, எந்த மொழியில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், அவள் பக்கத்திலேயே இருந்தேன்.