பொட்டு வைத்த சிடி

கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் தெருவில் யார் வீட்டு டிவியில் படம் தெரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மிக்சி ரிப்பேருக்குக்கூடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் அக்காவும் அன்றைக்குக் கூப்பிட்டாள்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை. கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி இங்கிலீஷில் நின்றது. ஏதோ ஒரு ஃபைலைக் காணோமாம்.

"ஏலே, என்னன்னு பாரு. நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு" என்றாள். அக்கா பதறினால் வாய் திறக்க மாட்டாள். பேசுகிறாள் என்றால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து வெடிக் கம்பெனிக்குப் போனவள் அவள். ஒரு நாள் பக்கத்து ரூமில் மருந்து பற்றிக்கொண்டது. இவள் ரூமுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செருப்பில்லாமல் வெளியே ஓடி வந்தவள், அதன் பிறகு அந்த கேட்டுக்குள் காலை வைக்கவில்லை. சிவகாசிக்குப் போய் டைப்பிங் கற்றுக்கொண்டாள். தோட்டை விற்று செகண்ட் ஹேண்டில் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினாள். தினசரி காலண்டர் அடிக்கும் ஒரு பிரஸ், வருஷம் முழுவதற்குமான நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றையும் டைப் அடிக்க அவளிடம் கொடுத்திருந்தது. இதைச் சரியாக முடித்துக் கொடுத்தால் இனி சீசன்தோறும் வேலை என்று பிரஸ்காரர் சொல்லியிருந்தார். முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. தினமும் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும் கம்பெனி பஸ் இருக்கும்போது அவர் வேறு சொல்ல வேண்டுமா?

"ஓ.எஸ். போயிருச்சுக்கா. திரும்பப் போட்டா சரியாயிரும். சி டிரைவைத்தான் அழிப்பேன். நீ அடிச்சதெல்லாம் டி டிரைவுல பத்திரமா இருக்கு" என்று பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்.

"ராகு காலம் போகட்டும்லே" என்றாள் அம்மா. ராகு காலம் எப்போது முடிகிறது என்பதை அக்கா தான் டைப் அடித்ததை நினைத்தே சொன்னாள். காத்திருந்து, கம்ப்யூட்டரோடு கொடுத்திருந்த ஓ.எஸ். சிடியை எடுத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு நின்றது. இந்த ஃபைலைக் காப்பி செய்ய முடியவில்லை, மறுபடி முயல எண்டர், விட்டுவிட எஸ்கேப். எண்டரை அடித்தேன். அதே வரி. எஸ்கேப்பை அடித்தேன். அடுத்த ஃபைலுக்கும் அதே பாட்டு. எரிச்சலில் சிடியை வெளியே எடுத்துத் திருப்பினால், பளபளப்பான பக்கத்தில் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். காய்ந்து ஒட்டிப்போயிருந்தது.

"யம்மா, இதுக்கெல்லாமா பொட்டு வைப்பாக?"

"நேத்து எல்லாத்துக்கும்தானப்பா வச்சேன். அந்தப் பக்கம் எழுத்து இருந்துச்சு. எழுத்து மேல வைக்கலாமா, சரஸ்வதில்ல? அதான் சும்மா கெடந்த பக்கமாப் பாத்து வச்சேன்."

அக்கா சிரித்துவிட்டாள். எனக்குத்தான் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சிடி போடும் டிரைவைத் துடைக்கப் பஞ்சு வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அம்மா அந்தச் சிடியைக் குத்துவிளக்கு விளக்குவது போல புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கழுவி, முந்தானையால் துடைத்து வைத்திருந்தாள். உள்ளே போட்டதும் அது தெரியவேயில்லை என்றது கம்ப்யூட்டர்.

சிவகாசியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அண்ணாச்சியிடம் போய் வேறு சிடி வாங்கி வந்தேன். இது ஓடியது. காப்பி முழுவதும் முடிந்து, நீலமும் பச்சையுமாகத் திரை வந்தது. இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் என்று போட்டது. அக்கா காபி போட எழுந்து போனாள். அவள் டம்ளரோடு வந்தபோது திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் நீலம். பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டியைத் துண்டில் சுற்றி பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு சென்டருக்குப் போனோம். அண்ணாச்சி காதை வைத்துக் கேட்டார்.

"தம்பி, சிடில ஒண்ணுமில்ல. ஹார்டு டிஸ்க்கே போயிருச்சு. மொதல்ல ஒரு ஃபைலக் காணோம்னுச்சுல்ல, அப்பவே போக ஆரம்பிச்சிருக்கு."

"டி டிரைவுல உள்ளதையாவது எடுத்துரலாமா அண்ணாச்சி?"

"சி, டி எல்லாம் நம்ம வச்ச பேருதான? ரெண்டும் ஒரே தட்டுலதான இருக்கு."

முழுவதும் முடித்த பிறகு மொத்தமாகச் சிடியில் போட்டுக் கொடுப்பதாகத்தான் பிரஸ்ஸோடு பேச்சு. வேறு காப்பி கிடையாது. பிரஸ்காரர் கோபப்படக்கூட இல்லை. காலண்டர் யாருக்காகவும் நிற்காதும்மா என்று சொல்லி வேறு ஆளுக்கு வேலையைக் கொடுத்துவிட்டார்.

தீபாவளி கழிந்து கம்பெனிகள் திறந்தபோது அவள் பஸ் ஏறினாள். அம்மா தெருமுனை வரை கூடப் போனாள். திரும்பி வந்ததும் என்னிடம், "நான் அந்தப் பொட்ட வைக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். சிடி காரணமில்லை, டிஸ்க்தான் காரணம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பொறுமையாகச் சொன்னேன், கத்தியும் சொன்னேன். தலையை ஆட்டுவாள். அடுத்த வாரம் அதே கேள்வியோடு வருவாள். கம்ப்யூட்டரைச் சரி செய்ய முடியாதவன் அம்மாவை எங்கே சரி செய்வது?

அடுத்த ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுத்த பொரி பாக்கெட்டோடு அக்கா வந்தாள். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அரிவாள்மனை, அம்மி, என் பைக் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். அக்கா தினமும் கம்பெனிக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குவாளியின் முன்னால் வந்ததும் கை நின்றுவிட்டது. விரலில் சந்தனத்தோடு அப்படியே நின்றாள்.

"வைம்மா" என்றாள் அக்கா. "வச்சு, இந்த வேலையும் போகுதான்னு பாப்போம்."

அம்மா வைத்தாள். விடுமுறை முடிந்ததும் கம்பெனி பஸ் எப்போதும் வரும் நேரத்துக்கு வந்து ஹாரன் அடித்தது.