ஏழு நாற்பது வண்டியின் நான்கு நிமிடத் தாமதம்

சரண்யாவுக்கு வந்தது நோய் என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை. சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். பத்தொன்பது வயதுப் பெண், மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "சாப்பிடுறது மட்டும் நல்லா சாப்பிடு, நாலு படி ஏறாத" என்று கத்தினேன். அவளும் விடவில்லை. "நீங்க பஸ்ஸுல ஏறி எறங்கிச் சம்பளம் வாங்குறீங்க. நான் மட்டும் சும்மா ஏறணுமா?" என்றாள். எங்கள் வீட்டில் அன்பு அந்தச் சுதியில்தான் இருந்தது.

நான் அரசுப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். வீடு கடலூர் செம்மண்டலத்தில். தொழில் என்னைக் கெடுத்துவைத்திருந்தது. பயணி ஒருவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால் அவரிடம் டிக்கெட் இல்லை. என்னைப் பார்த்துத் தேவைக்கு மேல் சிரித்தால் கையில் இருப்பது பழைய டிக்கெட். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடாது.

2007 மழைக்காலத்தில், சிதம்பரத்தில் கல்லூரிப் படிக்கட்டில் சரண்யா மயங்கி விழுந்தாள். அங்கே பார்த்தவர்கள் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். புதுச்சேரியில் எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுத்தார்கள். பிறகு தொடையில் மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத்துக்குள் அழுத்தம் அளந்தார்கள். பல்மனரி ஹைப்பர்டென்ஷன் (இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் இறுகி, அவற்றில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் நோய்) என்றார் மருத்துவர். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்தக் கொதிப்பு வேறு, இது வேறு. ஏன் வந்தது என்று தெரியாது, குணமாக்கவும் முடியாது, கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார்.

"பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. படிச்ச பொண்ணு, தாங்கிக்கும்."

"வேணாம் டாக்டர். அது சிரிச்சிக்கிட்டு இருக்கட்டும்."

"எவ்வளவு நாளைக்கு மறைப்பீங்க?"

"நீங்க எவ்வளவு நாளு சொல்றீங்களோ, அவ்வளவு நாளைக்கு."

இதயத்தில் லேசான பலவீனம், மாத்திரையில் சரியாகிவிடும் என்று அவளிடம் சொன்னோம். உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர்: மருத்துவர், நான், என் மனைவி மல்லிகா. ஓடாமல், மாடி ஏறாமல் இருந்தால் கல்லூரிக்குப் போகலாம் என்று அனுமதி கிடைத்தது.

சில்டினாஃபில் (இறுகிய இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மாத்திரை) எழுதித் தந்தார்கள். அந்த மாத்திரைக்கு ஊரில் ஆண்களின் படுக்கையறை விஷயத்துக்காகப் பெயர் உண்டு. சீட்டில் நோயாளியின் பெயர் தெரியாதபடி மடித்து நீட்டினேன். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என் நரைத்த மீசையைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். என் பெண்ணுக்கு என்று சொன்னால் விஷயம் தெருவுக்கு வந்துவிடும். என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று வாங்கி வந்தேன்.

அந்தப் பருவத் தேர்வில் அவளுக்கு ஒரு பாடத்தில் அரியர் விழுந்தது. "பரவாயில்ல பாப்பா, அடுத்த தடவ எழுதிக்கலாம்" என்றேன். என் நடிப்பு நன்றாகவே இருந்ததாக நினைத்தேன்.

சந்தேகம் பேருந்தில்தான் தொடங்கியது. அவள் போவது ஏழு நாற்பது சிதம்பரம் வண்டி. அதில் கால் வைக்க இடம் கிடைத்தால் பெரிது. இவளோ தினமும் உட்கார்ந்துகொண்டு போவதாகச் சொன்னாள், அதுவும் ஜன்னல் ஓரம். போதாததற்கு, பேருந்து நிலைய நேரக் காப்பாளரின் பதிவேட்டில் அந்த வண்டி ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் தாமதம். ஒரு நாள் என்றால் டயர், இரண்டு நாள் என்றால் டிரைவர். தினமும் அதே நான்கு நிமிடம் என்றால் அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறது.

ஒரு மாலை அவள் குளிக்கப் போனபோது பையைச் சோதித்தேன். பெருமையாகச் சொல்லவில்லை, செய்தேன். விபூதிப் பொட்டலம் ஒன்று, வேளாங்கண்ணி எண்ணெய்க் குப்பி ஒன்று, தர்காவில் மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்று. நன்றாக இருக்கும் பெண்ணுக்கு மூன்று மதத்துக்காரர்கள் எதற்கு இதையெல்லாம் கொடுக்கிறார்கள்? யாருக்கோ தெரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் இரக்கத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள், என்றைக்காவது அவள் முகத்துக்கு நேராகக் கொட்டிவிடுவார்கள்.

மறுநாள் கடலூர் முதுநகரில் அந்த வண்டியில் பின்வாசல் வழியாக ஏறினேன். ஏறியதும் பேச்சு அடங்கியது. டிக்கெட் இல்லாதவர்கள் இருக்கும் வண்டியில்தான் இப்படி அடங்கும். ஒவ்வொருவராகச் சோதித்தேன், எல்லோரிடமும் டிக்கெட் இருந்தது. முன்னால் மூன்றாவது இருக்கையில் சரண்யா. பக்கத்தில் ரீட்டா என்ற பள்ளி ஆசிரியை, சரண்யாவின் பையைத் தன் மடியில் வைத்திருந்தார். குடிகாடு நெருங்கியது. அங்கே தொழிற்பேட்டைக் காற்றில் ஒரு வாடை வரும், தினமும் போகிறவர்கள் அதைச் சட்டைசெய்வதில்லை. ஆனால் அன்று யாரும் சொல்லாமலேயே அந்த வண்டியின் ஜன்னல் ஷட்டர்கள் எல்லாம் படபடவென்று இறங்கின. சித்திரை வெயிலில், நின்றுகொண்டிருந்தவர்கள் வியர்த்து வடிய, ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஊர் தாண்டியதும் ஷட்டர்கள் மேலே போயின.

இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது என்று புரிந்தபோது வந்தது நன்றி அல்ல, கோபம்.

அன்று மதியம் அந்த வண்டியின் நடத்துனர் ஏழுமலையைப் பணிமனையில் பிடித்தேன். யார் சொன்னது என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். மெமோ கொடுப்பேன் என்று மிரட்டினேன்.

"பாப்பாதான் சார் சொல்லிச்சு" என்றார். "ஒரு நாளு புதுச்சத்திரத்துகிட்ட மூச்சுத் திணறிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வண்டிய விடலாம்னோம். அப்பதான் சொல்லிச்சு, இது சரியாவுற வியாதி இல்லன்னு. அவ்வளோ தூரம் நடந்து வந்து படி ஏற நேரம் ஆவுது, அதான் நாலு நிமிஷம் நிக்கறோம். எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிடுச்சு சார். 'எனக்குத் தெரியாதுன்னு எங்கப்பா நெனச்சிக்கிட்டு இருக்காரு, அந்த நெனப்புலதான் அவரு ரெண்டு வாய் சாப்புடுறாரு, அவருகிட்ட யாரும் சொல்லிடாதீங்க'ன்னு."

ஐம்பது அறுபது பேர் தினமும் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டு பயணம் செய்திருக்கிறார்கள். பரிசோதகன் எனக்குத்தான் அது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். மருத்துவமனையில் யாரோ உளறியிருக்க வேண்டும், அல்லது மல்லிகா. அந்த ஆளை விடக்கூடாது என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கதாம்ப்பா."

"நானா?"

"அரியர் வந்தப்ப பரவாயில்லன்னீங்க. பன்னண்டாவதுல பத்து மார்க் கொறஞ்சதுக்கு ஒரு வாரம் பேசாத ஆளு நீங்க. எனக்கு அன்னிக்கே பயம் வந்துடுச்சு. மறுநாள் மாத்திர பேர எழுதி எடுத்துக்கிட்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன்."

அவளே தொடர்ந்தாள். "எனக்கு ஒண்ணு செய்ங்க. பழையபடி திட்டுங்க. எல்லாரும் என்னப் பஞ்சுல வெச்சிருக்காங்க. நீங்களாவது திட்டுனாத்தான் நான் இன்னும் இருக்கேன்னு இருக்கும்."

அன்றைக்கு அழுதேன். மறுநாள் காலை, காபி டம்ளரைக் கழுவாமல் வைத்ததற்குத் திட்டினேன். குரல் நடுங்கியது. "சரியா வரல" என்றாள். இரண்டு மூன்று நாளில் சரியாக வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது இப்போது ஏதோ ஒரு மருத்துவமனை வராந்தாவில், கையில் கோப்புடன், வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். சொல்வதும் மறைப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் ஒரே இரவில் நல்லவராக மாறிவிடாதீர்கள், நோயாளிகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கடைசி ஆண்டில் கல்லூரியை நிறுத்த வேண்டியதாயிற்று. கால்கள் வீங்கின. வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம்) வைத்தோம். மின்வெட்டுக் காலம் அது. எதிர்வீட்டுக்காரர் தன் இன்வெர்ட்டரிலிருந்து எங்களுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தார். பதிலுக்கு என்ன கேட்கப் போகிறாரோ என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். இன்றுவரை கேட்கவில்லை.

ஏழு நாற்பது வண்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். யார் அவளைப் பார்க்கிறார்கள், யார் இயந்திரத்தை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நான் ஓரமாக உட்கார்ந்து கணக்கெடுப்பேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். ரீட்டா டீச்சரிடம் ஒரு நாள் அதைச் சொன்னேன். "இருக்கட்டும் சார். வேடிக்க பாக்க வந்தவுங்களும் வெறுங்கையோட வரலையே" என்றார். அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க நிறைய நேரம் முயன்றேன்.

அவளுக்கு மூச்சு குறையக் குறைய, எங்கள் சண்டைக்கு ஒரு புதிய தாளம் வந்தது. நான் திட்டி முடிப்பேன். அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்வாள். இரண்டு வார்த்தை சொல்வாள். மறுபடி மூச்சு. மறுபடி இரண்டு வார்த்தை. நான் குறுக்கே பேசாமல் காத்திருப்பேன். வாழ்நாளில் யாருடைய பேச்சையும் முழுதாகக் கேட்டுப் பழகாதவன், அவள் பேச்சைத்தான் கேட்டேன். எப்படியும் கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்கும்.

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு பிற்பகல், கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டுத் தலையணையில் சாய்ந்திருந்தாள். "உங்கம்மா ஒரு மணி நேரமா நின்னு வெச்சது, மிச்சம் வெக்கிறியா?" என்று ஆரம்பித்தேன். திட்டி முடித்துக் காத்திருந்தேன். பதில் வரவில்லை. மூச்சைச் சேர்த்துக்கொள்கிறாள் என்று இன்னும் காத்திருந்தேன். பிறகு இன்னொரு முறை, முன்பைவிடச் சத்தமாகத் திட்டினேன். மல்லிகா ஓடிவந்து என் வாயைப் பொத்தும்வரை திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது யார் என்னிடம் என்ன கேட்டாலும், பதில் சொல்வதற்கு முன்னால் என் உடம்பு தானாக நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று மூச்சு நேரம். காது மந்தமாகிவிட்டது என்று நினைத்து எல்லோரும் கேள்வியை மறுபடி உரக்கச் சொல்கிறார்கள். எனக்கு நன்றாகவே கேட்கிறது. அவள் சொல்லி முடிக்கட்டும் என்று இருக்கிறேன்.